கடையில ஆள் வச்சிருக்கிற அண்ணாச்சிமாரே, இத பாத்துக்கிடுங்க

நெல்லை டவுன் ரதவீதியில ஜவுளிக்கடை போட்டிருக்கிறவங்களுக்கு சொல்லுதேன், மொத சோலி ஆள எண்ணுங்க. பத்து பேர் ஆயிட்டா ஈஎஸ்ஐ (வேல பாக்குறவங்களுக்கான வைத்தியக் காப்பீடு), இருபதுன்னா பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டணும். ஈஎஸ்ஐ மாசம் 21,000 ரூவா சம்பளம் வாங்குறவங்க வரைக்கும், அவங்க சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிச்சு நீங்க 3.25 போட்டு அடுத்த மாசம் 15-ந் தேதிக்குள்ள கட்டிரணும், ஆனித் தேர் யாவாரத்துல மறந்துட்டா வட்டி விழும், எனக்கு விழுந்துச்சு.

அப்புறம் ஸ்டூல். நின்னு வேல பாக்குற பிள்ளைகளுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு 2021-லயே நம்ம சட்டசபையில சட்டம் போட்டாச்சு, ஆனா நெறைய கடையில ஸ்டூல் மேல சேலைக்கட்டுதான் உக்காந்திருக்கு, அத மொதல்ல எறக்கி வைங்க.

வருகைப் பதிவேட அன்னன்னைக்கு எழுதுங்க. மாசக் கடைசியில ஒரே பேனாவுல ஒரே மூச்சுல எழுதுனா இன்ஸ்பெக்டர் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாரு.