முதிய நாயின் ஒரு பக்க மூக்கொழுகல்: கட்டியா என்று படிப்படியாகக் கண்டறிதல்

எட்டு, பத்து வயதைக் கடந்த நாய்க்கு ஒரு நாசித் துவாரத்தில் மட்டும் சளியோ இரத்தமோ வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடக் கூடாது. மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் நாய்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுக்கட்டிகளே.

முதல் படி வீட்டிலேயே தொடங்குகிறது. குளிர்ந்த கண்ணாடியை மூக்கருகே காட்டி, படியும் ஆவியைப் பார்க்கச் சொல்வார்கள். சென்னைப் புழுக்கத்தில் நாய் மூச்சு விடுவதற்கு முன்பே கண்ணாடி வியர்த்துவிடும். அதற்குப் பதிலாகப் பஞ்சிலிருந்து மெல்லிய இழை ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு துவாரத்தின் முன்னும் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழை ஆடி, மறுபக்கம் அசையாமல் நின்றால் அங்கே அடைப்பு இருக்கிறது. மூக்குத்தண்டில் வீக்கம் உண்டா, ஒரு கண் மட்டும் துருத்தியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். துவாரத்துக்குள் எதையும் நுழைக்காதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. நம் ஊரில் நாய்க்கு மூக்கில் இரத்தம் வந்தால் மருத்துவர் முதலில் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிப்பார். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அது குறைத்துவிடும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. தட்டணு எண்ணிக்கை, இரத்தம் உறையும் நேரம், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஆனால் உண்ணிக் காய்ச்சல் உறுதியானாலும் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் ஒழுகல் நிற்பதுதான் பலரை ஏமாற்றுகிறது: கட்டியின் மேல் தொற்றிய கிருமி அடங்குகிறது, கட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

மேல்தாடைப் பல்லின் வேரில் சீழ், பூஞ்சைத் தொற்று, உள்ளே சிக்கிய புல் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், மயக்க மருந்து கொடுத்ததும் வாயையும் பற்களையும் சோதித்துவிடுவார்கள். அதே மயக்கத்தில் சி.டி. ஸ்கேன் எடுப்பது நல்லது. எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் தொடக்கநிலைக் கட்டி மறைந்துவிடலாம், சி.டி.யிலோ மூக்கையும் மூளையையும் பிரிக்கும் சல்லடை எலும்பு அரிக்கப்பட்டிருப்பதுகூடத் தெரியும். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சென்றாலும் தனியாரிடம் சென்றாலும், ஸ்கேன் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்குப் பிறகே பரிசோதனைக்காகக் கட்டியிலிருந்து சிறு துண்டுத் திசு (பயாப்ஸி) எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் கசியும் இரத்தம் படத்தைக் குழப்பும். துவாரத்திலிருந்து கண்ணின் உள்முனை வரை அளந்து, கருவியில் அந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொள்வார்கள். அதைத் தாண்டி உள்ளே சென்றால் மூளைக்கு ஆபத்து. நோய் பரவியிருக்கிறதா என்று அறிய, தாடைக்கடியில் உள்ள நிணநீர்க் கணுவில் ஊசியால் மாதிரி எடுத்து, மார்பையும் படம் எடுப்பார்கள்.

திசு எடுத்த பின் ஓரிரு நாள் தும்மலில் சிவப்புக் கலந்து வரலாம். நிற்காமல் சொட்டினால் உடனே கொண்டுசெல்லுங்கள். ஸ்கேனில் கட்டி தெரிந்தும் திசு அறிக்கையில் 'அழற்சி' என்று மட்டும் வந்தால், மேற்பரப்பு மட்டுமே சிக்கியிருக்கக்கூடும். மீண்டும் திசு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.