ரிப்பன்ல ஹவாய் லெய் மாலை தைக்கலாம் வாங்க

பார்ட்டி சாமான் கடைல கிடைக்கற மெலிசான பிளாஸ்டிக் பூ மாலைய பாத்துட்டு இதான் ஹவாய் லெய்னு நினைச்சிராதீங்க. அங்க ஸ்கூல், காலேஜ் முடிக்கற பசங்களுக்கு வீட்டு ஆளுங்க, ஃபிரெண்ட்ஸ்னு எல்லாரும் மாலைய போட்டுப் போட்டு காது வரைக்கும் ஏத்தி விட்ருவாங்க, அதுல நிஜப் பூவோட கையால தைச்ச ரிப்பன் லெய்யும் நிறைய இருக்கும், ஏன்னா வாடாது, எடுத்து வச்சுக்கலாம். 1928லேருந்து மே 1ஆம் தேதிய லெய் நாள்னே கொண்டாடறாங்க.

முதல்ல கலர். ஹவாய்ல ஒவ்வொரு தீவுக்கும் அடையாளமா ஒரு கலரும் பூவும் உண்டு: ஹவாய் பெரிய தீவுக்கு சிவப்பு லெஹுவா, மாவிக்கு பிங்க் ரோஜா, ஹோனலுலு இருக்கற ஓவாஹுக்கு மஞ்சள் இலிமா. இந்த இலிமா நம்ம ஊர் குறுந்தோட்டிக்கு சொந்தக்காரச் செடி, பூ ரொம்ப மெலிசு, ஒரு நாள் தாங்கினா பெருசு, ஒரு மாலைக்கே நூத்துக்கணக்குல பூ வேணும். சாட்டின் ரிப்பன நெருக்கமா சுருக்கினா கிட்டத்தட்ட அதே லுக் வந்துரும். அதனால நான் மஞ்சள் ரிப்பன், வெள்ளைப் பூ எடுத்துக்கறேன். ரெண்டு கலர் போதும், அஞ்சாறு கலர் சேத்தா தோரணம் ஆயிரும்.

வேண்டிய சாமான்: 1 இஞ்ச் அகல சாட்டின் ரிப்பன் 7 மீட்டர் (10 மீட்டர் ரோலா வாங்கிட்டா கவலையில்ல), துணியில செஞ்ச செயற்கைப் பூ 20, நீளமான ஊசி, கெட்டி நூல், கத்தரிக்கோல், மெழுகுவர்த்தி, கொஞ்சம் பசை. நூலுக்கு பதிலா பல்லுக்கு போடற டென்டல் ஃப்ளாஸ் கூட யூஸ் பண்ணலாம், ஹவாய்லயே நிறைய பேர் அதத்தான் யூஸ் பண்றாங்க, அறுந்தே போகாது.

பூவ காம்புலேருந்து பிடுங்குங்க, பெரும்பாலும் ஒரே இழுப்புல வந்துரும். அடியில இருக்கற பச்சை பிளாஸ்டிக், நடுவுல இருக்கற மகரந்தக் குச்சி ரெண்டையும் எடுத்துட்டா நடுவுல ஓட்டையோட இதழ் அடுக்கு மட்டும் மிஞ்சும். அடுக்குகளுக்கு நடுவுல ஒரு சொட்டு பசை வச்சு ஒட்டிருங்க, ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க.

அடுத்து ரிப்பன 12 இஞ்ச் துண்டா 20 வெட்டுங்க. வெட்டின முனை ரெண்டையும் மெழுகுவர்த்தி நெருப்புக்குப் பக்கத்துல ஒரு நொடி காட்டுங்க, உள்ள விட்டுராதீங்க, கருகிரும். இத செய்யலேன்னா ஒரு வாரத்துல இழை இழையா பிரிஞ்சு வரும். குழந்தைங்க கூட உக்காந்து செய்யறீங்கன்னா இந்த வேலைய நீங்க பாத்துக்கோங்க.

நூல் 3 மீட்டர் எடுத்து ஊசில கோத்து ரெண்டா மடிச்சுக்கோங்க. நுனியில 6 இஞ்ச் விட்டு ஒரு பாசி மணிய தற்காலிகமா கட்டிருங்க, கோத்ததெல்லாம் கழண்டு ஓடாம இருக்கும்.

இப்பதான் முக்கியமான வேலை. ஒரு துண்ட எடுத்து, அகலத்துக்கு நட்டநடுவுல, நீளவாக்குல ஓட்டுத் தையல் (ஊசிய மேலும் கீழுமா விட்டுப் போடற சாதாரண நேர் தையல்) போட்டுட்டே போங்க, ஒவ்வொரு தையலும் சுமார் 1 சென்டிமீட்டர், எல்லாம் ஒரே அளவா இருந்தாத்தான் மடிப்பு ஒரே சீரா விழும். முழுத் துண்டும் ஊசில ஏறினதும் நூலுக்குத் தள்ளி, 12 இஞ்ச் துண்டு ஒன்றரை இஞ்ச் ஆகற வரைக்கும் நெருக்குங்க, நெருக்கும்போதே விரலால ஒரே திசைல சுத்தி விட்டீங்கன்னா மடிப்பெல்லாம் சுழன்டு உருண்டையா வரும், சுத்தாம விட்டா பட்டையா சப்பையா நிக்கும். முதல் துண்டு முடிஞ்சதும் ஸ்கேல் வச்சு அளந்துருங்க. ஒன்றரைக்கு மேல இருந்தா இன்னும் நெருக்குங்க, நூல் தெரிஞ்சா லெய்யே இல்ல.

அப்புறம் ஒரு பூ. அப்புறம் மறுபடி ரிப்பன். பூவெல்லாம் ஒரே பக்கம் பாக்கற மாதிரி கோங்க. இப்படியே 20 தடவை, மொத்தம் சுமார் 40 இஞ்ச் வரும், பெரியவங்களுக்கு அதான் சரியான அளவு, குழந்தைக்கு 12, 13 செட் போதும். டிவி பாத்துட்டே செய்யலாம், ஆனா பூ திரும்பியிருக்கான்னு அப்பப்ப பாருங்க.

கடைசில மணிய கழட்டிட்டு ரெண்டு நூல் முனையையும் மூணு முடிச்சு போட்டு இறுக்குங்க, மீதி நூல மடிப்புக்குள்ள ஊசியால ஓட்டி ஒளிச்சிருங்க. முடிச்சு மேல மிச்ச ரிப்பன்ல பட்டாம்பூச்சி மாதிரி ஒரு 'போ' முடிச்சு கட்டலாம்.

போடற விதமும் வேற: நம்ம மாலை மாதிரி முன்னாடி மட்டும் தொங்க விடாம, தோள்ல படிஞ்சு பாதி மார்புலயும் பாதி முதுகுலயும் விழணும். கொடுத்தவங்க எதிர்லயே கழட்டினா அங்க மரியாதைக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு வட்டமா மூடின லெய் போடற வழக்கம் இல்ல, அவங்களுக்கு செய்யறீங்கன்னா முனை ரெண்டையும் சேக்காம தனித்தனியா முடிச்சு போட்டு, திறந்த மாலையாவே தோள்ல போட்டு விடுங்க.