ஏரிக்கரைக்கு மாணவர்களை அழைத்துப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

காலையில் வேலூர் கோட்டை, அங்கிருந்து அமிர்தி, மதியத்துக்கு மேல் ஏலகிரி. பல பள்ளிகளில் இயற்கைக் களப்பயணம் என்று போடும் திட்டம் இப்படித்தான் இருக்கிறது. இது சுற்றுலா. பிள்ளைகள் சந்தோஷமாக வருவார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஒரு நீர்நிலை எப்படி உயிரோடு இருக்கிறது, எதனால் சாகிறது என்று அவர்களுக்குப் புரியவேண்டுமானால், பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஓர் ஏரியும் ஒரு காலைப்பொழுதும் போதும். வரத்துக் கால்வாய், கரை, மதகு, கோடி (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம், மற்ற ஊர்களில் கலங்கல் என்பார்கள்) ஆகிய நான்கையும் நிதானமாக நடந்து பார்க்கவே மூன்று மணி நேரம் ஆகிவிடும்.

அடுத்த தவறு தலைக்கணக்கு. எட்டாம் வகுப்பின் மூன்று பிரிவையும் சேர்த்து 120 பேரைக் கூட்டிப்போனால், முன்னால் நடக்கும் பத்துப் பேர்தான் பறவையைப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு அது பறந்துபோன திசைதான் மிச்சம். 40 பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, ஒரு குழு மதகில் இருக்கும்போது மற்றொன்று கோடியில் இருக்கும்படி அனுப்புங்கள்.

நம் வேலூர் மாவட்டத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் ஒன்பதரை மணிக்குப் பள்ளியிலிருந்து பேருந்து கிளம்புவது நிற்கவில்லை. ஏரிக்கரையில் நிழல் கிடையாது. கரையில் பதித்த கல் பத்து மணிக்கே அனலைத் திருப்பி அடிக்கும். ஆறரைக்குக் கரையில் இருங்கள், பத்துக்குள் பேருந்தில் ஏறிவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் 20 லிட்டர் கேன் இரண்டு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்கிக் கொடுக்காதீர்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு அளந்து செய்தது. உப்பு கூடினால் வாந்தி வரும், இருக்கும் நீரும் போய்விடும்.

ஏற்பாட்டில் அதிகம் கோட்டை விடுவது முன்கூட்டியே போய்ப் பார்க்காததில்தான். ஒரு வாரம் முன்பு, அதே காலை நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் போய் வாருங்கள். பேருந்து திரும்ப இடம் இருக்கிறதா? பாறையிலோ பெரிய மரத்திலோ மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், மயங்கி விழுவதும் அவர்கள்தான். அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, சனிக்கிழமை சாவி யாரிடம் இருக்கும் என்பதுவரை கேட்டு வையுங்கள்.

அனுமதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. ஜவ்வாது மலையடிவாரத்தில் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதானால் மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும்.

தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது, கணுக்கால் அளவுக்குக்கூட. வண்டல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் செங்குத்தாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சமதளம்போலத் தெரியும். நீர் மாதிரி வேண்டுமானால் ஆசிரியர் கயிறு கட்டிய வாளியில் எடுத்துத் தரட்டும்.

காலுக்கடியிலும் பார்க்கவேண்டும். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் ஆள்காட்டிக் குருவியைக் கட்டாயம் கேட்பீர்கள். ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். அது கூடு கட்டாது. சரளை மண்ணில் சின்னக் குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை வைக்கும். முட்டை மண்நிறம், மேலே கரும்புள்ளிகள், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும். தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதென்றால் முட்டை அருகில் இருக்கிறது என்று பொருள். உடனே நிற்கச் சொல்லுங்கள், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். படம் எடுக்கச் சூழ்ந்து நின்றால் தாய் திரும்பாது, வெயிலில் முட்டை வெந்துவிடும்.

மரம் நடுவதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்பதற்காக அன்றே கன்று நடுகிறார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத கரையில் அந்தக் கன்று நிற்காது. தன் பெயர் எழுதி நட்ட கன்று காய்ந்து கிடப்பதைப் பார்க்கும் பிள்ளை, மரம் நடுவதே வீண் என்றுதான் நினைக்கும். ஜூனில் வேப்பங்கொட்டை பொறுக்கட்டும். அதன் முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும் என்பதால் உடனே பள்ளி நாற்றங்காலில் போடவேண்டும். நடவை செப்டம்பர் கடைசி, அக்டோபருக்குத் தள்ளுங்கள்.

பனை விதையானால் பத்தடிக்கு ஒன்று. பனை முதலில் கீழே இறங்கித்தான் பிறகு மேலே வரும். பல மாதம் ஒன்றுமே தெரியாது. விதை செத்துவிட்டதென்று பிள்ளைகள் தோண்டிப் பார்க்காமலிருக்க இதை நடும் அன்றே சொல்லிவிடுங்கள். கரையில் எந்த இடத்தில் நடலாம் என்பதைத் துறை அலுவலரே காட்டட்டும்.

சீமைக்கருவேலத்தை மாணவர்களை வைத்து வெட்டாதீர்கள். தரைக்கு மேல் வெட்டினால் திரும்பத் தழைக்கும், முள் ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கினால் தோல் அரிக்கும். குப்பை பொறுக்குவதானால் தடித்த கையுறை வேண்டும், கரையில் உடைந்த மதுபாட்டில் இல்லாத ஏரி குறைவு. பொறுக்கியதை யார் எடுத்துப்போவது என்று ஊராட்சியில் முன்பே பேசாவிட்டால், மூட்டையை நாய்கள் இழுத்துப் போட்டு எல்லாம் பழையபடி கரைக்கே வந்துவிடும்.

மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்கள்தான் ஏரியைப் பார்க்க நல்ல காலம். உண்ணிக் காய்ச்சலுக்கும் அதுவே காலம். வேலூர்ப் பகுதியில் அது புதிதல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. முழுக்கால் சட்டை, ஷூ போட்டு வரச் சொல்லுங்கள், புல்லில் நேராக உட்காரவிடாமல் பாய் விரியுங்கள், வீட்டுக்குப் போனதும் குளித்துத் துணியைத் துவைக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் மறுநாளே வராது. ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம்வரை ஆகும், அதற்குள் ஏரிக்குப் போனதே மறந்திருக்கும். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் பயணத் தேதியோடு இதையும் எழுதுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் பயணத்தைச் சொல்லவேண்டும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ பீடியால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் அதைக் காட்டவேண்டும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். எந்த அரசு மருத்துவமனை அருகில், அங்கே விஷமுறிவு மருந்து உண்டா என்பது முன்பே தெரிந்திருக்கவேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும் என்றும் கணக்குப் போட்டு வையுங்கள்.

திரும்பி வந்ததும் எல்லோரையும் கட்டுரை எழுத வைப்பது இன்னொரு பழக்கம். அதைவிட ஒரே நோட்டில் தேதி, மதகுக் கல்லில் நீர் எத்தனை அடி, கண்ட பறவைகள், கோடி போகிறதா என்ற நான்கு கட்டம் போதும். அதே ஏரிக்கு ஏப்ரலில் காலை ஏழு மணிக்கு இன்னொரு முறை போய் அதே கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் அந்த நோட்டு அடுத்து வரும் எட்டாம் வகுப்பின் கைக்குப் போகட்டும்.