ரவுட்டர் மாத்தின பிறகு நாஸ் காணலியா? பயப்படாதீங்க, போட்டோ எல்லாம் உள்ளதான் இருக்கு

போன ஐப்பசி இடில தக்கலைல எங்க வீட்டு ரவுட்டர் எரிஞ்சு போச்சு, புதுசு மாட்டினதும் போன், டிவி எல்லாம் ஓடுது, நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல மாட்டி வச்சு எல்லாரும் ஃபைல் போட்டு எடுக்கிற டிஸ்க் பெட்டி) மட்டும் எங்கயுமே காட்டல. அம்மாச்சிக்க கடைசி கிறிஸ்துமஸ் போட்டோ, தங்கச்சி கல்யாண வீடியோ எல்லாம் அதுலதான், எனக்கு கை நடுங்கிப் போச்சு. அதனால முதல்லயே சொல்றேன், எடுத்த உடனே ரீசெட் பட்டன அமுக்காதீங்க, டிஸ்க்க கழட்டி விண்டோஸ் லேப்டாப்ல மாட்டவும் செய்யாதீங்க, அதுக்கு அந்த டிஸ்க்க படிக்கத் தெரியாது, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், பதட்டத்துல ஓகே குடுத்தா அப்பதான் நிஜமாவே போகும்.

நடந்தது இவ்வளவுதான். பழைய ரவுட்டருக்க ஐபி (நெட்வொர்க்ல அதுக்க விலாச நம்பர்) 192.168.1.1, நாஸுக்கு 192.168.1.20ன்னு நானே ஃபிக்ஸ் பண்ணி வச்சிருந்தேன். புது ரவுட்டர் 192.168.29.1. மூணாவது நம்பர் மாறிட்டுல்ல, அதனால லேப்டாப் நாஸ வீட்டுக்குள்ள தேடாம ரவுட்டர்கிட்ட தள்ளி விடுது, ரவுட்டருக்கோ அப்படி ஒரு ஆளே தெரியாது.

முதல்ல நாஸுக்க பின்னாடி கேபிள் குத்துற இடத்துல குட்டி லைட் மினுங்குதான்னு பாருங்க. மினுங்கலன்னா கேபிள மாத்துங்க. மினுங்குதுன்னா, உங்க நாஸ் சினாலஜி கம்பெனின்னா சினாலஜி அசிஸ்டன்ட், க்யூநாப் கம்பெனின்னா க்யூஃபைண்டர் ப்ரோ, இந்த சாஃப்ட்வேர லேப்டாப்ல போட்டு தேடுங்க. ஐபிய ஆட்டோமேட்டிக்கா விட்டிருந்தவங்களுக்கு புது நம்பர் இதுலயே வந்துரும், வேலை முடிஞ்சுது. லேப்டாப் கெஸ்ட் வைஃபைல இருந்தா மட்டும் ஒண்ணும் காட்டாது, மெயின் வைஃபைக்கு மாத்திக்கோங்க.

என்ன மாதிரி ஃபிக்ஸ் பண்ணினவங்க, பழைய நம்பர் மறந்து போச்சுன்னா பழைய புக்மார்க்லயோ, லேப்டாப்ல மேப் பண்ணி (நாஸ ஒரு டிரைவ் மாதிரி காட்டும்படி) வச்ச டிரைவுக்க பேர்லயோ பாருங்க, \\192.168.1.20ன்னு அப்படியே இருக்கும். இனி லேப்டாப் வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ஒரு லேன் கேபிள நாஸுக்கும் லேப்டாப்புக்கும் நேரா குத்துங்க. ஈதர்நெட் செட்டிங்ஸ்ல ஐபிய மேனுவல் ஆக்கி 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலியா விட்டுருங்க. பிரவுசர்ல 192.168.1.20:5000 அடிங்க, க்யூநாப்னா 8080. எனக்கு அந்த லாகின் பக்கம் வந்தப்பதான் உயிரே வந்துது.

உள்ள போய் நெட்வொர்க் செட்டிங்ல ஐபிய டிஹெச்சிபிக்கு (ரவுட்டரே நம்பர் குடுக்கிற ஆட்டோமேட்டிக் முறை) மாத்தி சேவ் பண்ணுங்க, கேபிள ரவுட்டர்ல திருப்பி குத்துங்க, லேப்டாப்பயும் ஆட்டோமேட்டிக்குக்கு கொண்டு வாங்க, இத மறந்தா நெட்டே வராது. பிறகு பிரவுசர்ல ரவுட்டருக்க செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் நாஸுக்குன்னு ஒரு ஐபிய ரிசர்வ் பண்ணிருங்க. நாஸுக்குள்ள ஃபிக்ஸ் பண்றத விட இதுதான் நல்லது, அடுத்த இடில ரவுட்டர் போனாலும் நாஸ் தானா புது நம்பர் வாங்கிக்கும். பழைய மேப் டிரைவ எடுத்துட்டு புது நம்பர்ல மேப் பண்ணுங்க. விண்டோஸ் புது வைஃபைய பப்ளிக்னு வச்சிருக்கும், அத பிரைவேட் ஆக்கினாதான் நெட்வொர்க் லிஸ்ட்ல நாஸ் தெரியும்.

பழைய நம்பர் கிடைக்கவே இல்லன்னா மட்டும் ரீசெட். சினாலஜில பின்னாடி உள்ள ஓட்டைல பின்ன விட்டு பைய அமுக்கி ஒரு 4 செகண்ட் பிடிங்க, ஒரு பீப் கேட்டதும் கைய எடுத்துருங்க. அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்கும்தான் புதுசா வாங்கினப்ப இருந்த நிலைக்குப் போகும், ஃபைல் போகாது. பீப் கேட்ட உடனே மறுபடி அமுக்கினா சிஸ்டத்தையே திருப்பி இன்ஸ்டால் பண்ணச் சொல்லும், அது வேண்டாம்.

துபாய்ல இருக்க மாமாவுக்கு மட்டும் இன்னும் திறக்கலன்னா, பழைய ரவுட்டர்ல போட்ட போர்ட் ஃபார்வர்டிங் (வெளியில இருந்து வர்றவங்கள நாஸுக்கு அனுப்புற செட்டிங்) அதோடயே போயிருக்கும். புது ரவுட்டருக்க வான் ஐபி (இன்டர்நெட் கம்பெனி ரவுட்டருக்கு குடுக்கிற நம்பர்) 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா போர்ட் திறந்தும் பிரயோஜனம் இல்ல, அந்த ஐபி நமக்கு மட்டும் சொந்தம் இல்ல, கம்பெனி நிறைய வீட்டுக்குப் பங்கு போடுது. டெய்ல்ஸ்கேல்னு, தூரத்துல இருக்க ரெண்டு மெஷின போர்ட் திறக்காம இணைக்கிற ஒரு ஆப்ப நாஸ்லயும் மாமா போன்லயும் போட்டுக் குடுத்தேன், இப்ப அங்க இருந்தே போட்டோ பாக்காரு.