வீட்டு பிராட்பேண்டில் மட்டும் திறக்காத இணையதளம்: தடையைக் கண்டறியும் முறை

மொபைல் டேட்டாவில் உடனே திறக்கும் ஓர் இணையதளம் வீட்டு பிராட்பேண்டில் மட்டும் திறக்க மறுப்பது சென்னையில் பலருக்கும் நேர்வதுதான். மற்ற தளங்களெல்லாம் ஒழுங்காகத் திறப்பதால், இணைப்பு கொடுத்த லோக்கல் ஆபரேட்டரிடம் முறையிட்டால் "நெட் நல்லாத்தானே சார் வருது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆகவே, தடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை நாமே திரட்டிக்கொண்டு பேசுவதுதான் பயன் தரும். ரவுட்டரை ரீசெட் செய்வது, பிரவுசரை மாற்றுவது, ஆன்டிவைரஸை நிறுத்துவது என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால், தளம் திறந்துகொண்டாலும் எதனால் திறந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில், தளம் திறக்காத அதே லேப்டாப்பைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள். அதே பிரவுசரில் தளம் இப்போது திறந்தால், கோளாறு பெரும்பாலும் வீட்டு இணைப்பின் பக்கம்தான். மீண்டும் வைஃபைக்கு மாறி, பிழைச் செய்தியை முழுமையாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தச் செய்திதான் தீர்மானிக்கிறது.

தளத்தின் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று வந்தால், தளத்தின் பெயரை ஐபி எண்ணாக (இணைய முகவரி எண்) மாற்றித் தரும் டிஎன்எஸ் மீது சந்தேகம் கொள்ளலாம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையைத் தளத்தின் பெயரோடு ஒருமுறையும், இறுதியில் கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 சேர்த்து இன்னொரு முறையும் இயக்குங்கள். முதலாவது தோற்று இரண்டாவது விடை தந்தால், ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று மாற்றினால் போதும். இரண்டும் வெவ்வேறு ஐபி எண்களைத் தந்தால் அதை மட்டும் வைத்துக் குறை என்று முடிவு செய்ய வேண்டாம். பெரிய தளங்கள் கேட்பவரின் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு சர்வர்களைக் காட்டுவது வழக்கம்.

நீண்ட நேரம் காத்திருந்து 'டைம்ட் அவுட்' என்று வந்தால், தரவு தளத்தைச் சென்றடையும் பாதையை வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரூட் எடுக்க வேண்டும். விண்டோஸில் இதற்கான கட்டளை டிரேசர்ட் (tracert). சென்னையில் கரையேறும் கடலடி கேபிள் வழியாக ஒரு நிறுவனம் சிங்கப்பூருக்கு அனுப்பும் போக்குவரத்தை இன்னொரு நிறுவனம் மும்பை வழியாக மேற்கே அனுப்பலாம் என்பதால், ஒரே தளத்துக்கு இரண்டு இணைப்புகளில் இரண்டு பாதைகள் இருப்பது இயல்பே. நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தாலும் அதற்குப் பின்வரும் வரிகளில் பதில் வந்தால் கவலை வேண்டாம். பல ரவுட்டர்கள் இத்தகைய கேள்விக்குப் பதில் தராதபடியே அமைக்கப்பட்டுள்ளன. வைஃபையில் ஒரு வரிக்குப் பிறகு கடைசிவரை நட்சத்திரங்களாகவே இருந்து, ஹாட்ஸ்பாட்டில் பாதை இறுதிவரை சென்றால், அந்த இரண்டு முடிவுகளையும் படமெடுத்து வையுங்கள்.

தளத்தின் தலைப்பு மட்டும் தோன்றிப் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பது தனி வகை. இதை வேகக் குறைவு என்று எண்ணிப் பலரும் அதிக விலைத் திட்டத்துக்கு மாறிவிடுவது வருத்தமளிக்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ (PPPoE) முறையில் இணையும் பிராட்பேண்டில் 1500 பைட் தரவுப் பொட்டலத்திலிருந்து 8 பைட் அந்த முறைக்கே போய்விடுவதால், 1492 பைட்தான் மிஞ்சும். இதைவிடப் பெரிய பொட்டலங்கள் வழியில் சத்தமின்றி கைவிடப்படும்போது, சிறிய கோரிக்கைகள் கடந்துசெல்ல, பெரிய பதில்கள் வந்து சேர்வதில்லை. ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) அமைப்பில் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியு (MTU) மதிப்பை 1492 ஆக்கி, பயனில்லையெனில் 1400 வரை குறைத்துப் பாருங்கள்.

'403 ஃபர்பிடன்' என்று வந்தால் பாதை சரியாகவே இருக்கிறது. பெரும்பாலும் தளம்தான் உங்கள் ஐபியை மறுக்கிறது. ரவுட்டரின் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் முறையில் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் ஒரு வீட்டின் கணினி வைரஸால் தாக்கப்பட்டு அந்தத் தளத்தைத் தொந்தரவு செய்திருந்தாலும், தடை எல்லா வீடுகளுக்கும் பொருந்தும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் வேறு பொது ஐபி கிடைக்கலாம். கிடைக்காவிட்டால், பொது ஐபியையும் நேரத்தையும் குறிப்பிட்டுத் தளத்தின் நிர்வாகிக்கு எழுதுங்கள், அல்லது கட்டணம் செலுத்தி நிலையான ஐபி கேளுங்கள்.

ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6-ஐ ரவுட்டரில் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. முடிந்ததும் மீண்டும் இயக்கிவிடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவின்கீழ் அரசு முடக்கிய தளமாக இருந்தால், இந்த முயற்சிகள் அதற்குரியவை அல்ல.

புகார் செய்யும்போது "சைட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், தளத்தின் பெயர், நேரம், உங்கள் பொது ஐபி, இரண்டு டிரேஸ்ரூட் படங்கள் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பி, நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றும்படி கேளுங்கள். புகார் எண்ணைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காதபோது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்வதற்கு அந்த எண் தேவைப்படும்.