கவுன்சில் பணம் கைக்கு வராமல் போவது ஏன்? கோவிட் காலம் காட்டிய தவறுகள்

இங்கிலாந்தில் 2020 மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பிறகு, கவுன்சில்கள் எனும் உள்ளாட்சி அமைப்புகள் வழியாகக் குடும்பங்களுக்கும் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் போன பணம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் "எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை" என்று இங்குள்ள நம் தமிழர்கள் பலர் இன்னமும் சொல்கிறார்கள். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே தகுதி இல்லை. மற்றவர்களில் பலர் கோட்டைவிட்டது ஒரே இடத்தில்தான். கவுன்சிலிடம் 'உதவிப் பணம்' என்று பொதுவான உண்டியல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தொகைக்கும் தனிப் பெயர், தனி நோக்கம், தனிக் கடைசித் தேதி உண்டு. ஒன்றுக்கென்று வந்த பணத்தை இன்னொன்றுக்குக் கொடுக்க, மனம் இருந்தாலும் அதிகாரிக்கு வழி இருக்காது. அடுத்த நோய் எந்தப் பெயரில் வந்தாலும் இந்த ஏற்பாடு மாறாது என்பதால்தான் பழைய தவறுகளை இப்போது கிளறுகிறேன்.

எந்தக் கவுன்சில் என்றே பார்க்காமல் போவது

பரோ எனப்படும் லண்டன் நகரப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பிரெண்ட், ஹாரோ, நியூஹாம் என்று எங்கே இருந்தாலும் குப்பை, வீடு, சமூகப் பராமரிப்பு, பொதுச் சுகாதாரம் எல்லாம் ஒரே கவுன்சிலின் கையில். லண்டனைத் தாண்டிப் பல இடங்களில் அப்படி இல்லை. கோவிட் காலத்துச் சர்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் கவுண்டி கவுன்சிலிடம். கவுன்சில் டாக்ஸ் எனும் வீட்டு வரியும் வீட்டு உதவியும் எப்சம் அண்ட் ஈவல் போன்ற சிறிய கவுன்சில்களிடம். 2020 டிசம்பரில் வந்த 17 கோடி பவுண்ட் கோவிட் குளிர்கால மானியம் மேல்நிலைக் கவுன்சில்களுக்குப் போனது. தனிமைப்படுத்தலுக்கான 500 பவுண்டைக் கொடுத்தது கீழ்நிலைக் கவுன்சில். இரண்டில் எதற்கு எழுதுகிறோம் என்று பார்க்காமல் எழுதிவிட்டு, மூன்று வாரம் கழித்து "இது எங்கள் பொறுப்பல்ல" என்று பதில் வந்தால் யாரை நோவது? அதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுவது

வேலை போனதும் பலர் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். அதோடு கவுன்சில் டாக்ஸும் குறைந்துவிடும் என்று நினைத்தார்கள். அது குறையாது. கவுன்சில் டாக்ஸ் சலுகையைக் கவுன்சிலிடம் தனியாகக் கேட்க வேண்டும். 2020-21இல் இதில் இன்னொரு கண்ணியும் இருந்தது. அரசு கவுன்சில்களுக்கு 50 கோடி பவுண்ட் கஷ்டகால நிதி ஒதுக்கியது. வேலை செய்யும் வயதில் இருந்து, இந்தச் சலுகையை ஏற்கெனவே பெறுகிறவர்களின் கவுன்சில் டாக்ஸில் மேலும் 150 பவுண்ட் வரை அதிலிருந்து கழித்தார்கள். முதல் படிவத்தைப் போடாதவர் இரண்டாவதையும் சேர்த்தே இழந்தார்.

கடைக்காரர்கள் கதை கொஞ்சம் வேறு. சிறு வணிக வரிச் சலுகை பெற்ற கடைகளுக்கு 10,000 பவுண்ட் மானியம் இருந்தது. கவுன்சிலிடம் கடையின் முகவரி இருந்தது. வங்கிக் கணக்கு எண் எல்லோருடையதும் இல்லை. அதைக் கேட்டு வந்த கடிதத்தை வழக்கமான வரிக் கடிதம் என்று ஓரமாக வைத்தவர்கள் உண்டு. வரியையும் வாடகையோடு சேர்த்துக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவந்தவர்களின் பெயர் பட்டியலிலேயே இல்லை. அவர்கள், யாருக்கு என்று கவுன்சிலே முடிவு செய்யும் விருப்புரிமை நிதியைத் தேடிப்போக வேண்டியிருந்தது.

"இல்லை" என்றதும் திரும்பிவிடுவது

அந்த 500 பவுண்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், மேலே சொன்னதெல்லாம் அதில் அடக்கம். 2020 செப்டம்பர் 28 முதல், சட்டப்படி தனிமைப்படுத்திக்கொள்ளச் சொல்லப்பட்டு, வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாமல், அதனால் சம்பளத்தை இழந்து, யூனிவர்சல் கிரெடிட் போன்ற குறிப்பிட்ட உதவிகளில் ஒன்றைப் பெறுபவர்களுக்கு அது கிடைத்தது. இது முதல் கதவு.

இரண்டாவது கதவும் இருந்தது. அரசு உதவி எதுவும் பெறாத, ஆனால் சம்பளம் போனால் திண்டாடிப்போகிற ஒருவருக்குக் கவுன்சில் தன் விருப்புரிமைப்படி அதே 500 பவுண்டைக் கொடுக்கலாம். யாருக்கு என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவு செய்தது. பக்கத்துப் பரோவில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காமல் போனதற்கும், நேர்மாறாக நடந்ததற்கும் காரணம் அதுதான். முதல் கதவில் "தகுதியில்லை" என்றதும் திரும்பியவர்கள் இரண்டாவது கதவு இருப்பதையே பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் "யூனிவர்சல் கிரெடிட் இல்லாவிட்டால் சான்ஸே இல்லை" என்று ஒருவர் போட்ட செய்தியை நம்பி விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் உண்டு.

கேட்ட ஆதாரங்கள் அதிகமில்லை: டெஸ்ட் அண்ட் டிரேஸ் (தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடிய அரசுச் சேவை) கொடுத்த அடையாள எண், வங்கி ஸ்டேட்மென்ட், வேலை செய்வதற்கான சான்று. சிக்கல் வந்ததும் இங்கேதான். கைபேசிச் செயலி மட்டும் "தனிமையில் இருங்கள்" என்று சொன்னவர்களிடம் அந்த எண் இருக்காது. 2020 டிசம்பரில்தான் அவர்களுக்கும் வழி திறந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் சம்பளம் இழந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. குடும்பத்துக்கு ஒன்று என்றே நினைத்தார்கள்.

கையில் கடிதமோ எண்ணோ தேதியோ எது கிடைத்தாலும் அன்றே படம் எடுத்து வையுங்கள். நோய் வந்து படுத்திருக்கும்போது தேட முடியாது. அப்புறம், மறுப்புக் கடிதம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த விதியின்படி மறுத்தீர்கள்? விருப்புரிமைத் திட்டத்தில் என் விண்ணப்பத்தைப் பார்த்தீர்களா?

விசாவை நினைத்து எல்லாவற்றுக்கும் பயப்படுவது

விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசின் பொது நிதி உதவிகளைப் பெறக்கூடாது) என்ற நிபந்தனை இருப்பவர்கள், கவுன்சில் பெயர் கேட்டாலே ஒதுங்கினார்கள். பயம் நியாயமானதுதான். யூனிவர்சல் கிரெடிட்டும் கவுன்சில் டாக்ஸ் சலுகையும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. ஆனால் பட்டியல் என்றால் அதற்கு எல்லை உண்டு. கவுன்சில் செய்யும் எல்லாமே அதில் இல்லை. கோவிட் பரிசோதனை, சிகிச்சை, தடுப்பூசி மூன்றும் விசா நிலை எதுவானாலும் இலவசமாகவே இருந்தன. 2020 ஏப்ரலில் பள்ளி இலவச மதிய உணவு, இந்த நிபந்தனை உள்ள குடும்பங்கள் சிலவற்றுக்கும் விரிந்தது. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தேவையில் இருக்கும் குழந்தைக்குக் கவுன்சில் செய்யும் உதவியும் அந்தப் பட்டியலுக்குள் வராது. எது உள்ளே, எது வெளியே என்பதைப் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள். கோயில் வாசலில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் வேறு யாருக்கோ வேறு விசாவில் நடந்த கதை.

சங்கங்கள் சறுக்கும் இடம்

தனிமனித உதவியை விட எனக்கு அதிக ஆதங்கம் இதில்தான். உழைப்பதற்கு நம் சங்கங்களில் ஆள் குறைவே இல்லை. முதியோர் வீட்டு வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு வந்தவர்கள், மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! எழுதும்போது மட்டும் அந்த உழைப்பு காகிதத்தில் வராது.

விண்ணப்பம் இப்படித்தான் தொடங்கும்: "எமது சங்கம் கடந்த பல ஆண்டுகளாகத் தமிழ் மொழி, கலை, பண்பாட்டை வளர்த்து..." அடுத்த இரண்டு பத்தியும் அதே. பிறகு, "கோவிட்டால் எமது சமூகம் மிகவும் பாதிக்கப்பட்டுள்ளது." பிறகு தொகை. படிக்கிற அதிகாரிக்கு நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். என்ன செய்யப் போகிறீர்கள் என்பது தெரியாது. அவர் புள்ளி போடுவது இரண்டாவதற்குத்தான்.

பணத்தின் பெயரைப் படிக்காத தவறும் இங்கே சேர்ந்துகொள்ளும். 2021 ஜனவரியில் 'கம்யூனிட்டி சாம்பியன்ஸ்' என்ற பெயரில் 60 கவுன்சில்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் அரசு 2.3 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியது. சிறுபான்மையினர் போன்ற அதிக ஆபத்தில் இருந்தவர்களிடம் கோவிட், தடுப்பூசி பற்றிய சரியான தகவலைக் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. அதில் போய் அரிசி, பருப்புப் பொதிக்குப் பணம் கேட்டால் மறுப்புத்தான் வரும், பசி எவ்வளவு உண்மையாக இருந்தாலும். அதே சங்கம் தமிழ் மருத்துவர் ஒருவரை வைத்து, முதியோருக்குத் தமிழிலேயே கேள்வி பதில் நேரம் நடத்துகிறோம் என்று கேட்டிருந்தால் அது அந்தப் பணத்துக்கென்றே பிறந்த விண்ணப்பம். அரிசிக்குக் குளிர்கால மானியம் இருந்தது. அந்தக் கதவு வேறு.

வரவுசெலவுப் பட்டியலில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். "உணவு உதவி மற்றும் இதர செலவுகள்: 8,000" என்று ஒரே வரி. உருண்டையான எண்ணைப் பார்த்ததுமே அது ஊகம் என்று தெரிந்துவிடும். இதையே இப்படி எழுதலாம்: 40 குடும்பம், வாரம் ஒரு பொதி, பொதிக்கு 15 பவுண்ட், 12 வாரம், ஆக 7,200. தொண்டர்களின் பெட்ரோல் வாரம் 25 வீதம் 300. பொதி கட்டும் மண்டபம் வாரம் 30 வீதம் 360. மொத்தம் 7,860. குறைவாகக் கேட்டிருந்தாலும் இதுதான் நிற்கும், ஏனென்றால் எந்த வரியைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. 'இதர' என்ற சொல்லை மட்டும் தூக்கிவிடுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

40 குடும்பம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் தனியாக இருக்கும் முதியோர் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தாலே அது ஆதாரம். அதற்கு மேல் வேண்டுமென்றால், 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைப் பிரதான மொழியாகச் சொன்னவர்கள் உங்கள் கவுன்சிலில் எத்தனை பேர் என்ற எண்ணைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்டிருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. யாப்பு (சங்கத்தின் சட்டதிட்டம்), சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, உறவினர் அல்லாத இரண்டு பேர் கையெழுத்து, குழந்தைகளுக்கும் முதியோருக்குமான பாதுகாப்புக் கொள்கை ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். தலைவரும் பொருளாளரும் கணவன் மனைவியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். வங்கிக் கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆகும். நெருக்கடி வந்தபிறகு ஓடாதீர்கள். பாதுகாப்புக் கொள்கையை இணையத்திலிருந்து இறக்கிப் பெயரை மாற்றுவது வழக்கம். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், மூன்றாம் பக்கத்தில் வேறு ஊர்க் கழகத்தின் பெயர் என்று இருந்தால், அதை யாருமே படிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அறப்பணிகளுக்கான சாரிட்டி கமிஷன் பதிவு எல்லாருக்கும் தேவையில்லை. ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டும் அறப்பணி அமைப்புகள்தான் பொதுவாகப் பதிய வேண்டும். பதிவில்லாத சிறு குழுக்களுக்குக் கொடுக்கும் மானியங்களும் உண்டு.

பணம் வந்த பிறகு

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே செலவு செய்துவிட்டு "அதை இதில் கழித்துக்கொள்ளலாம்" என்று நினைப்பது பெரிய வம்பு. முன்பே நடந்த செலவுக்குப் பெரும்பாலான மானியங்கள் பணம் தருவதில்லை. ஊரடங்கு தளர்ந்து பொதி தேவைப்படாமல் போனால், மிஞ்சியதை நல்ல நோக்கம்தானே என்று தைப்பொங்கல் விழாவுக்குத் திருப்பவும் கூடாது. ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேளுங்கள். நெருக்கடி நேரத்தில் நியாயமான மாற்றத்துக்கு அதிகாரிகள் ஒத்துக்கொள்வது உண்டு. கேட்காமல் செய்ததற்குத்தான் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வைத்தால் போதும், அலங்காரம் வேண்டாம். யாருக்கு நோய், யார் தனிமையில் என்ற பட்டியலை மட்டும் 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உடல்நலத் தகவலுக்கு இந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் காவல் வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்த அம்மா அடுத்த தடவை உங்களிடம் உதவி கேட்க மாட்டார்.

கவுன்சிலே கையை விரிக்கவும் கூடும். 2020 நவம்பரில் குரொய்டன் கவுன்சில், வரவுக்குள் செலவைச் சமாளிக்க முடியாது என்று சொல்லும் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டு, அத்தியாவசியமல்லாத புதிய செலவுகளை நிறுத்தியது. "தருகிறோம்" என்று வாயால் சொன்னதை நம்பி ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள்.

மோசடியும் முறையீடும்

கோவிட் காலத்தில் கவுன்சில் டாக்ஸில் பணம் திரும்பக் கிடைக்கும், தடுப்பூசிக்குக் கார்டு எண்ணைக் கொடுங்கள் என்றெல்லாம் போலிச் செய்திகள் சுற்றின. அப்போது தடுப்பூசிக்குப் பணமே கிடையாது. கவுன்சில் பெயரில் வரும் இணைப்பை அழுத்தாமல், கவுன்சில் டாக்ஸ் பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். "விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன், வருவதில் பத்து சதவீதம்" என்று கேட்கும் நம்மூர்க்காரரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். பொய்த் தகவல் எழுதியிருந்தால் அவர் போய்விடுவார், கையெழுத்து உங்களுடையது.

மறுப்பில் நியாயம் இல்லை என்று தோன்றினால், உங்கள் வார்டுக் கவுன்சிலருக்கு எழுதுங்கள். அவர் முடிவை மாற்ற முடியாது, ஆனால் கிடப்பில் கிடக்கும் கோப்பை எடுத்துப் பார்க்க வைக்க முடியும். அப்புறம் கவுன்சிலின் முறையீட்டு வழியில் எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் சண்டை போட்டால் பதிவு இருக்காது. கவுன்சில் வழி முழுவதும் முடிந்தும் தீராவிட்டால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக 12 மாதத்துக்குள் போக வேண்டும்.