குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்ட மும்பை மாரத்தான் ஓடுவது எப்படி

ஆண்டுதோறும் ஜனவரி மூன்றாவது ஞாயிறன்று நடைபெறும் டாடா மும்பை மாரத்தான், 2004-ல் தொடங்கிய ஓட்டம்; தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுவதற்கும் பெயர்பெற்றது. குழந்தைப் புற்றுநோய்க்காக ஓட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் காலணி வாங்குவார்கள். பணம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். பயிற்சியைவிடக் கடினமான பகுதி அதுதான்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய்க்கு ஆளாகும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். வருவாய் குறைந்த நாடுகளில் இந்த அளவு மிகவும் குறைவு. 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளைப் பிழைக்கவைக்க வேண்டும் என்ற இலக்குடன் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. நோயைத் தாமதமாகக் கண்டறிவதும் மருந்துத் தட்டுப்பாடும் மட்டுமல்ல, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் கடும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், வெளியூரிலிருந்து வரும் தினக்கூலித் தந்தைக்கு வாடகை, சாப்பாடு, ரயில் கட்டணம், இழந்த கூலி என்று செலவு சேர்ந்துகொண்டே போகும். கீமோதெரபியால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் குழந்தைக்குச் சுத்தமான தங்குமிடம் இல்லையென்றால் தொற்றே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் பணம் மருந்துக்கா, தங்குமிடத்துக்கா, ஊட்டச்சத்துக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சைக்காக நகரங்களுக்கு வரும் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் 2006-ல் தொடங்கப்பட்டது. சிகிச்சையிலுள்ள குழந்தைகளின் உணவைக் கவனிப்பது கடில்ஸ் ஃபவுண்டேஷனின் பணி. எந்த நிறுவனமானாலும், அவ்வாண்டு ஓட்டத்தின் அறப்பணிப் பட்டியலில் அது உள்ளதா, தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வெளியிடுகிறதா என்று பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கோ ஜிபேவுக்கோ வரவே கூடாது. நிறுவனத்துக்கான இணைய நன்கொடைப் பக்கத்துக்கு நேராகச் செல்லட்டும். 80ஜி என்று பரவலாக அறியப்படும் வரிச்சலுகை வேண்டுவோர் பான் எண் தர வேண்டும். 2000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் தருவது வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் என்பதால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு அந்த நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். விமானக் கட்டணம், ஓட்டப் பதிவுக் கட்டணம், காலணி ஆகியவற்றை உங்கள் கையிலிருந்தே செலவழியுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிட்டால், கேட்கத் தயங்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பொதுச் செய்திக்குக் கைகூப்பும் எமோஜிகள்தான் வந்து குவியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, அவரை அழைக்கும் முறையிலேயே எழுதுங்கள்: "சித்தப்பா, ஜனவரியில் மும்பையில் 42 கிலோமீட்டர் ஓடப்போகிறேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்கள் தங்குவதற்காகப் பணம் திரட்டுகிறேன். என் செலவு முழுவதும் என்னுடையது. உங்களால் 2500 ரூபாய் தர முடியுமா? முடியாவிட்டாலும் வருத்தமில்லை." தொகையைக் குறிப்பிட்டுக் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பத்திலேயே பலர் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். முடி கொட்டிய குழந்தையின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போடாதீர்கள். செப்டம்பர் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால், கேட்கத் தொடங்க அதுவே நல்ல நேரம்.

பயிற்சிக்கும் அதே மாதம் பொருந்தும். பத்து கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓடக்கூடியவருக்கு 16 முதல் 18 வாரங்கள் போதும். அதற்கும் குறைவாக ஓடுபவர்கள் இந்த ஆண்டு அரை மாரத்தானோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாரத்தில் நான்கு நாள், அதில் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம்; தூரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு நான்காவது வாரத்திலும் குறைத்து, ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு 30 அல்லது 32 கிலோமீட்டரைத் தொட்டு, பிறகு இறங்கிவர வேண்டும். சென்னையில் பயிற்சி செய்பவர்களுக்கு நீண்ட ஓட்டங்களின் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும் என்பதால், இரண்டு ஞாயிறுகளையாவது மழைக்கென்று ஒதுக்கித் திட்டமிடுங்கள். இதயக் கோளாறு, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். ஓடிக்கொண்டே உறிஞ்சிச் சாப்பிடும் இனிப்பு ஜெல் பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். அன்று சாப்பிடப்போவதை ஞாயிறு ஓட்டங்களிலேயே வயிற்றுக்குப் பழக்குங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். தாகத்துக்குக் குடித்து, இடையிடையே ஓஆர்எஸ் சேர்த்துக்கொள்வது போதும். ஓடும்போது ஐபுப்ரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள்.

மும்பைப் பாதை பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் பெடர் சாலை ஏற்றம், முழு மாரத்தான் ஓடுபவர்களுக்குக் கால்கள் ஓய்ந்துபோன கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் வருகிறது, வெயிலும் அப்போது ஏறியிருக்கும். தொடக்க உற்சாகத்தில் வேகமாக ஓடியவர்கள் அங்கே நடப்பதைப் பார்க்கலாம். நடப்பதில் தவறில்லை.

ஓட்டத்தை முடிக்க முடியாமல் போனாலும் நன்கொடை நன்கொடையாகவே இருக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். நிதிப் பக்கம் எந்த நாளில் மூடப்படும் என்பதையும் கேட்டுவைத்துக்கொண்டால், "அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனவர்களுக்குப் பதக்கத்தோடு எடுத்த படத்தையும் இணைப்பையும் அதற்குள் ஒருமுறை அனுப்பலாம்.